பதினான்காம் நாளை நம்பாதீர்கள்: கரு தங்கும் நாள்களைக் கணக்கிடும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில், சில தேதிகளின் மூலையில் நீல மையில் சின்னப் புள்ளி இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள அம்மா வைத்த புள்ளிகள். கேட்டால் "ஒன்னுமில்லடி" என்பார். மாதவிலக்குத் தேதிகளைக் குறித்த அந்தப் புள்ளிகள்தான், கரு தங்காமல் தவிர்க்க நினைக்கும் நமக்கு இப்போது வேண்டும்.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

இரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் 1. நின்ற நாளிலிருந்து எண்ணுவது பலரும் செய்யும் தப்பு. அன்றிலிருந்து அடுத்த மாதவிலக்குக்கு முந்தின நாள்வரை ஒரு சுழற்சி. குறைந்தது ஆறு சுழற்சிகளின் கணக்கு வேண்டும்.

படி 2: யார் யாருக்குக் காத்திருக்கிறார்கள்?

முட்டை வெளிவந்தபின் 24 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விந்தணு அப்படியில்லை; பெண்ணின் உடலுக்குள் 5 நாள்வரை உயிரோடிருக்கும். முன்னாலேயே போய் உட்கார்ந்து முட்டைக்காகக் காத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமாக மொத்தம் ஆறு நாள்கள்தான் கரு தங்கும் காலம். 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 221 பெண்களைக் கவனித்து இதையே சொன்னது.

ஆறு நாள்தானே என்று நிம்மதி வேண்டாம். அந்த ஆறு எப்போது வரும் என்பதுதான் சிக்கல். முட்டை வருவது பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். பின்னாலிருந்து எண்ண வேண்டியதை முன்னாலிருந்து எண்ணிவிட்டு எல்லோருக்கும் "14-ஆம் நாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரியாக 28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும்.

படி 3: கழித்துப் பாருங்கள்

மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18-ஐக் கழியுங்கள். மிக நீண்டதிலிருந்து 11-ஐக் கழியுங்கள். முதல் விடையிலிருந்து இரண்டாம் விடைவரை உள்ள நாள்கள்தான் கரு தங்கக்கூடியவை, உங்களுக்கு ஆபத்தானவை.

உதாரணத்துக்கு, ஆறு மாதத்தில் குறைந்தது 26, கூடியது 31 என்று வைப்போம். 26 − 18 = 8. 31 − 11 = 20. மாதவிலக்கு மார்ச் 3-இல் தொடங்கினால், மார்ச் 10 முதல் 22 வரை. ஆறு நாள் பதின்மூன்றாகிவிட்டது, பார்த்தீர்களா? உடல் எந்த மாதம் எப்படி நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் இத்தனை இடம் விட வேண்டியிருக்கிறது.

மாதவிலக்கு முடிந்ததும் சொல்லும் "இப்பதானே குளிச்சேன், ஒன்னும் ஆகாது" என்ற பேச்சும் இங்கேதான் அடிபடுகிறது. 26 நாள் சுழற்சியில் 12-ஆம் நாள் முட்டை வரலாம். 8-ஆம் நாள் உறவு நடந்தால் விந்தணு அதுவரை தாராளமாகத் தாங்கும்.

வெள்ளைப்படுதலையும் கவனியுங்கள். முட்டை வரப்போகும் நாள்களில் அது பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக, இரு விரலுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும். காலை உடல் வெப்பம் லேசாக உயர்வதும் ஓர் அடையாளம்தான். ஆனால் முட்டை வந்தபிறகே உயரும், முன்னெச்சரிக்கைக்கு உதவாது.

சுழற்சி தாறுமாறாக இருந்தாலோ, பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலோ, பிள்ளை பெற்று அதிக காலம் ஆகவில்லை என்றாலோ இந்தக் கழித்தலை நம்ப வேண்டாம். பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வருமுன்பே கரு தங்கலாம். கடைசி நொடியில் விலகிக்கொள்வதும் நம்பத்தக்கதல்ல. ஆணுறையைப் பக்கத்தில் வையுங்கள். பால்வினை நோய்க்கும் அதுதான் காப்பு.

படி 4: ஏற்கெனவே நடந்துவிட்டதா?

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டதென்றால் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்புங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை (1.5 மில்லிகிராம்) 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மலேசியாவில் டாக்டர் சீட்டு தேவையில்லை, பார்மசிஸ்டிடம் நேரடியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் கடை திறந்திருந்தாலும் தர மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடைக்கு இரவில் ஓடுமுன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சமாயிருந்தால் மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதி நீட்டுங்கள்.

இது கருவைக் கலைப்பதில்லை, முட்டை வருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் பயனில்லை. உடல் எடை கூடியவர்களுக்குப் பலன் குறையலாம். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி பார்மசிஸ்டைக் கேளுங்கள். மூன்று நாள் தாண்டி, ஐந்து நாளுக்குள் என்றால் டாக்டரிடம் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் லூப் பற்றிக் கேட்கலாம். எல்லாவற்றிலும் பலன் அதிகம் அதற்குத்தான்.

வற்புறுத்தலில் நடந்திருந்தால், கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஓஎஸ்சிசி (வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான உதவி மையம்) என்று கேட்டால் தனி அறையில் பார்ப்பார்கள்.

படி 5: எப்போது சோதிப்பது

மறுநாளே யுபிடி (சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் சோதனைப் பட்டை) வாங்கி ஒரு கோட்டைப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை. மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு, அல்லது உறவு நடந்து 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். மார்ச் 11 என்றால் ஏப்ரல் 1. இரண்டு கோடு விழுந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியும் இருந்தால் கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.