மீன்பாடு பற்றிக் கணக்கெடுக்கும் முன்: ஒருபக்கச் சார்பு நுழையும் இடங்கள்

ராமேசுவரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் மீன்பாடு, அதாவது வலையில் கிடைக்கும் மீனின் அளவு, குறைந்துவிட்டதா என்று கல்லூரி நாட்களில் 40 பேரிடம் கேட்டு அறிக்கை எழுதினேன். ஒரு பதில்கூடப் பொய்யில்லை. ஆனால் 40 பேரும் விசைப்படகுக்காரர்கள். அந்த அறிக்கையை இன்று நானே நம்ப மாட்டேன். நீங்கள் முதல்முறை கணக்கெடுப்பவர் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

படி 1: கேள்வியை உரக்கப் படியுங்கள். "இழுவைமடியால் மீன்பாடு எவ்வளவு குறைந்தது?" என்று, அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் வலையைச் சொல்லிக் கேட்டால், பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். "போன வருஷம் இதே மாதம் ஒரு தடவை போனால் என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது?" என்று கேளுங்கள்.

படி 2: யாரை, எந்த நாளில் பார்ப்பது? பெரும்பாலான பிழை இங்கேதான். பாக் நீரிணையில் வாரம் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்பது பல வருஷ ஏற்பாடு. ஒரே நாள் கரைக்குப் போனால் பாதி ஊரைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்த கையோடு வரும் மீனை வைத்து வருஷத்தையே எடை போடக் கூடாது. கடல்பாசி எடுக்கும் பெண்களை ஏலக்கூடத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அப்புறம், மீன்பாடு இல்லாமல் தொழிலையே விட்டு வெளியூர் போனவர் கரையில் இருக்கவே மாட்டார். முக்கியமான பதில் அவரிடம்தான் இருக்கிறது. வீடு தேடிப் போய் விசாரியுங்கள்.

படி 3: கூட யார் வருகிறார்? சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, பக்கத்தில் நிற்கும்போது, அவர் படகில் பங்குக்கு (கூலிக்குப் பதில் மீன்பாட்டில் ஒரு பங்கு) வேலைக்குப் போகிறவர் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். தனியாகப் போங்கள்.

படி 4: செலவு யாருடையது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 1967-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், இதயநோய்க்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பையே குற்றம் சாட்டும் கட்டுரை வந்தது. எழுதிய ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்ததைக் கட்டுரை சொல்லவில்லை. அது வெளியே தெரிய 2016 ஆனது. பணம் வாங்கியதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் எந்த ஆய்வைப் பெரிதாக எடுத்தார்கள், எதை ஒதுக்கினார்கள் என்று பார்க்க வாசகருக்கு உரிமை உண்டு.

படி 5: ஒத்துவராத பதிலையும் அட்டவணையில் சேருங்கள். சரி, முடித்ததும் அதைக் கரைக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். "எங்க பாசிக்காரப் பொம்பளைங்க இதுல எங்கே?" என்று யாராவது கேட்டால், இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது.