மெஸ்ஸி மாதிரி ஆகணும் என்கிற பிள்ளைக்கு என்ன செய்யலாம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கால்பந்தும் கையுமாக வந்து, "மிஸ், நான் மெஸ்ஸி மாதிரி வர முடியுமா?" என்று கேட்டுவிடும். போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். அம்மா தக்காளி பறிக்கப் போகிறவர். மறுநாள் அந்த அம்மாவும் பள்ளி கேட்டுக்கே வந்துவிட்டார். "நெஜமா ஆவானுங்களா டீச்சர்? பூட்ஸ் கேக்கறான், வாங்கித் தரலாமுங்களா?" அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திறமை வேறு, புகழ் வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸி அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்ப் பையன். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்தது, தினமும் ஊசி போட வேண்டும். 2000-ல், 13 வயதில், ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் அவரை எடுத்துக்கொண்டு சிகிச்சைச் செலவையும் ஏற்றது. முதல் ஒப்பந்தத்தைக் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே அளவு ஆடிய இன்னொரு பையனுக்கு ஊசிச் செலவைக் கொடுக்க ஆள் கிடைக்காமல் போயிருந்தால், அவன் பெயர் நமக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. இந்தப் பகுதி பிள்ளையின் கையில் இல்லை, நம் கையிலும் இல்லை. ஆனால் வருகிற பந்தை நிறுத்துவது, இரண்டு காலாலும் பாஸ் கொடுப்பது, தலையைத் தூக்கிப் பார்ப்பது, இந்த மூன்றும் எந்தப் பிள்ளைக்கும் வரும். நான் பார்த்திருக்கிறேன்.

'அடுத்த மெஸ்ஸி' என்ற பட்டத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்பெயின் வீரர் போஜன் கிர்கிச் 2007-ல் 17 வயதில் மெஸ்ஸியின் சாதனையை முறியடித்து, லீக்கில் பார்சிலோனாவுக்காக கோல் அடித்த மிக இளையவரானார். அந்த எதிர்பார்ப்பின் நடுவே பதற்ற நோயால் பட்ட பாட்டைப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். அமெரிக்காவில் ஃப்ரெடி அடு 2004-ல் 14 வயதில் தொழில்முறை லீக்கில் இறங்கினார். கால்பந்து மேதை பீலேயோடு ஒப்பிட்டார்கள். அதன்பிறகு நாடு நாடாக, கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தார். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை "நம்ம பள்ளியின் மெஸ்ஸி" என்று சொல்லிவிட்டேன். அடுத்து வந்த குறுவட்டப் போட்டியில் (சுற்றுவட்டப் பள்ளிகளுக்குள் நடப்பது) அவன் யாருக்கும் பாஸே கொடுக்கவில்லை. நாலு பேரைத் தாண்டிப் போகப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பந்தைப் பறிகொடுத்தான். தோற்ற பிறகு வேப்ப மரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பில் ஆட்டத்தையே விட்டுவிட்டான். அந்த மைக் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 4-ஆம் சைஸ் பந்து போதும், அதற்கு மேல் 5-ஆம் சைஸ். நம் செம்மண் மைதானத்தில் பந்தைக் கெடுப்பது நெருஞ்சி முள்தான். மழைக்குப் பிறகு பூ மஞ்சளாகத் தலைகாட்டும்போதே, காய் பிடிப்பதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் பத்துப் பேர் வரிசையாக நடந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். காய்ந்த கட்டாந்தரையில் அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸ் போட்டால் கணுக்காலும் முட்டியும்தான் அடிவாங்கும். அந்த அம்மாவிடம் பூட்ஸ் இப்போது வேண்டாம் என்றது அதனால்தான். கான்வாஸ் ஷூ, அல்லது அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த ஷூ போதும்.

அப்புறம் ஒரு சுவர் வேண்டும். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டிச் சுவர். அதிலிருந்து நாலு எட்டு தள்ளிக் கரியால் ஒரு கோடு. பிள்ளை கோட்டில் நின்று பாதத்தின் உட்பக்கத்தால் பந்தைச் சுவரில் தட்ட வேண்டும். திரும்பி வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்க வேண்டும். இந்த இடத்தைக் கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். பழகாத காலில் கணுக்கால் மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும், பந்து பட்டதும் இரண்டு அடி தெறித்துப் போகும். பழகிய கால், பந்து தொடுகிற அந்த நொடியில் கொஞ்சம் பின்வாங்கும், தூக்கிப்போட்ட முட்டையைக் கையில் ஏந்துகிற மாதிரி. 'டப்' என்ற சத்தம் 'தப்' என்று மாறும். நான் காதால்தான் மார்க் போடுகிறேன்.

இருபது பந்தில் எத்தனை பந்து, ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்குள் அடங்கியது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வலது காலுக்கு 50 தட்டு என்றால் இடது காலுக்கு 100. அந்த ஆறாம் வகுப்புப் பையன் முதல் நாள் இருபதுக்கு 6 எடுத்தான், மூன்று வாரத்தில் 13.

இது கைகூடியதும் தலையைத் தூக்கப் பழக்குங்கள். ஆட்டத்தில் மெஸ்ஸி நிறைய நேரம் சும்மா நடந்துகொண்டிருப்பது போலத் தெரியும். உண்மையில் யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பிள்ளைக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். பந்து வந்து சேர்வதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தங்கச்சி, தாத்தா யார் வேண்டுமானாலும் விரல் காட்டலாம்.

உடம்பு விஷயத்தில் அவசரமே கூடாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடலாம் என்றால், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயதுக்கு 12 மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். பன்னிரண்டிலிருந்து பதினாலுக்குள் மளமளவென்று வளரும்போது சில பிள்ளைகளுக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் "சோம்பேறித்தனம்" என்று திட்டி, அந்த வலியோடு ஒரு பிள்ளையை ஓடவிட்டார். நாலு மாதம் அவளால் மாடி ஏற முடியவில்லை. வலி சொன்னால் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை நிலைப்படியில் பென்சிலால் உயரம் குறியுங்கள். ஒரு வருடமாகக் கோடு நகரவே இல்லை என்றாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட வளர்த்தி வித்தியாசம். சின்ன உருவம் என்று ஓரம்கட்டப்பட்ட பிள்ளையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. கேழ்வரகு களி, கீரை, முட்டை, நிலக்கடலை. பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். தண்ணீரில் மட்டும் கவனம். தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம், பல்லோடு நிற்காமல் எலும்பையும் பாதிக்கும். போர் தண்ணீரைக் குடிக்கவிடாமல் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்து வழி. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் இருக்கின்றன, முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெளிநாட்டு ட்ரையல்ஸ் (ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம்) என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஆட்டை விற்றுக் கொடுத்து ஏமாந்தது.

மெஸ்ஸியின் உயரத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார், நம் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

ட்ரையல்ஸுக்கு முந்தின நாள் பயிற்சி வேண்டாம், ஒன்பது மணிக்குப் படுக்கட்டும். காலையில் நாலு இட்லி போதும். பையில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் வாங்கிய போனஃபைடு (அங்கே படிக்கிறான் என்ற சான்றிதழ்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தண்ணீர் பாட்டில், மாற்று சாக்ஸ், இரண்டு வாழைப்பழம். கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் கத்த வேண்டாம், பிள்ளைக்குக் கேட்கிற குரல் தேர்வாளருடையதாக இருக்கட்டும். முடிந்து பஸ் ஏறியதும் எத்தனை கோல், என்ன சொன்னார்கள் என்று துருவாதீர்கள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பாலக்கோடு வரும்வரை தூங்கவிடுங்கள்.