கையால நெய்த பெர்சிய, இந்தியக் கம்பளத்த எப்படிப் பாக்கணும்?

கம்பளத்தப் பாத்ததும் டிசைன்ல மயங்கிடாதீங்க, முதல்ல ஒரு மூலையப் புரட்டி பின்பக்கத்தப் பாருங்க. கையால முடிச்சு போட்டதுன்னா முன்னாடி இருக்குற பூ பின்னாடியும் தெளிவா தெரியும், முடிச்செல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளியா இருக்கும். பின்னாடி துணி ஒட்டி மூடியிருந்தா அது பெரும்பாலும் துப்பாக்கி மாதிரி இருக்குற மெஷினால நூலக் குத்தி பசை போட்டு நிறுத்தின டஃப்டட் வகை. ஓரத்துக் குஞ்சமும் பாவு நூலோட (நீளவாக்குல ஓடுற நூல்) நுனியா இருக்கணும், தனியா தச்சிருந்தா ஏன்னு கேளுங்க (பழசுன்னா ரிப்பேரா கூட இருக்கலாம்).

அடுத்து கலர். ஒரே நீலம் நடுவுல பட்டையா கொஞ்சம் வெளிறி தெரிஞ்சா உடனே டேமேஜ்னு ஒதுக்காதீங்க, சாயம் போட்ட நூல் ஒரு தொகுதி தீர்ந்து அடுத்தது வரும்போது அப்படி மாறும், இதுக்கு அப்ராஷ்னு பேரு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

இப்ப டிசைனுக்கு வாங்க. நாலு பாகமா பிரிஞ்சு நடுவுல வாய்க்கால் ஓடுனா அது சார்பாக், அதாவது பெர்சியத் தோட்டம். ஒரு பக்கம் மட்டும் வளைவு இருந்தா தொழுகை விரிப்பு, அந்த வளைவு மிஹ்ராப், அதாவது மசூதில தொழுகைத் திசையக் காட்டுற மாடம். டைமண்ட் கட்டத்துக்குள்ள பூ, சுத்தி வளைஞ்ச நாலு இலைன்னா ஹெராத்தி, அந்த இலைய மீன்னு சொல்றவங்களும் உண்டு. மாங்கா டிசைன சைப்ரஸ் மரம்னும் சொல்வாங்க தீச்சுடர்னும் சொல்வாங்க, அதனால கடைக்காரர் ஒரே அர்த்தத்த அடிச்சுச் சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்குற அர்தபில்ங்கிற பழைய பெர்சியக் கம்பளத்தையே எடுத்துக்கோங்க, 1539-40ல முடிஞ்சது, செஞ்சவர்னு மக்சூத் காஷானி பேரு அதுலயே நெய்திருக்கு, அதுல தொங்குற ரெண்டு விளக்கும் ஒரே சைஸ் இல்ல, ஏன்னு இன்னிக்கும் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்றாங்க.

இந்தியப் பீஸ அடையாளம் காண பூவப் பாருங்க. அக்பர் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, லாகூர்னு பட்டறை வச்சப்ப பெர்சிய பாணிதான் அடிப்படை, ஆனா ஷாஜஹான் காலத்துல செகப்புத் தரைல தனித்தனிச் செடிங்க நிஜச் செடி மாதிரியே வரிசையா நிக்க ஆரம்பிச்சுது, பெர்சியக் கம்பளத்துலயோ பெரும்பாலும் கற்பனைப் பூவும் சுத்திச் சுத்திப் போற கொடியும்தான். காஷ்மீர்ல டிசைன தாலிம்ங்கிற குறியீட்டு எழுத்துல எழுதி வச்சிருப்பாங்க, எந்த நிறத்துல எத்தன முடிச்சுன்னு அதப் படிச்சுதான் நெய்வாங்க.

கடைசியா, பின்பக்கத்துல ஒரு இஞ்ச் நீளத்துலயும் அகலத்துலயும் முடிச்ச எண்ணிப் பெருக்கிப் பாருங்க. நம்பர் கூடுனா வேலை நுணுக்கம், அவ்வளவுதான், காஷ்காய் மாதிரி நாடோடி மக்கள் நெய்யுற கம்பளத்துல எண்ணிக்கை கம்மியா இருந்தாலும் கம்பளியும் கலரும் அபாரமா இருக்கும்.