ஒன்பது நாளில் உடைந்த குரல்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் போட்ட இசை நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ராஜா வேடம் போட்ட எட்டாம் வகுப்புப் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில், மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொட்டால் கிறீச்சென்று பிசிறடிக்கும். ஆளை மாற்றச் சொன்னார்கள்; எனக்கு மனசு வரவில்லை. எல்லாருக்கும் சுருதியை இறக்கிப் பார்த்தோம், கோரஸ் பாடும் சிறுமிகளுக்குக் குரலே எழவில்லை.

கடைசியில் அவன் பாட்டை மட்டும் இரண்டு கட்டைக்கு இறக்கினேன். அதற்கு முன்னால் சேவகனுக்கு நாலு வரி வசனம், பின்னணியில் மிருதங்கம். அந்தச் சத்தத்துக்குள் பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியை மாற்றிவிடுவார். சபையில் யாருக்கும் தெரியவில்லை.

சரிகை உரசிக் கரகரத்த காலர் மைக்கை, ஒரு மாணவியின் அம்மா தலைப்பாகை விளிம்பில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

திரை விழுந்ததும் பையன் கேட்டான்: “சார், இந்த ஒட்டு மீசையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?”