ஜியோகேஷ் தேடும்போது எவ்வளவு உதவி எடுத்துக்கலாம்?

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை (அதுதான் கேஷ்) போனில் உள்ள ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுதான் ஜியோகேஷிங். ஹின்ட், அதாவது துப்பு, பார்த்தால் ஏமாற்று வேலையா என்று புதிதாக ஜியோகேஷிங் ஆரம்பிக்கிறவர்கள் கேட்பார்கள். டப்பாவை ஒளித்துவைத்தவரே நீங்கள் படிக்கட்டும் என்று எழுதியதுதான் ஹின்ட், அதில் என்ன ஏமாற்று? எப்போது படிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கிளம்பும் முன் ஆப்பில் அந்தக் கேஷின் பக்கத்தை முழுசாகப் படித்துவிடுங்கள், இதெல்லாம் உதவிக் கணக்கிலேயே சேராது. தேடுவது எவ்வளவு கஷ்டம், இடத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்று 1 முதல் 5 வரை தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அளவும் இருக்கும். மைக்ரோ என்றால் பழைய ஃபிலிம் ரோல் டப்பா அளவு, நானோ என்றால் விரல் நுனி அளவில் காந்தம் வைத்த ஒரு துண்டு. அது தெரியாமல் நாகேஸ்வர ராவ் பூங்காவில் டிஃபன் பாக்ஸ் சைஸில் எதையோ தேடிச் சுற்றி வந்தால், வாக்கிங் வந்த மாமா "என்ன தம்பி தொலைச்சுட்டீங்க?" என்று கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார். பழைய லாக்குகளையும், அதாவது முன்பு தேடியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும், பாருங்கள். கடைசியாகப் போனவர்கள் வரிசையாக டிஎன்எஃப், அதாவது கிடைக்கவில்லை என்று போட்டிருந்தால், அதுவும் கார்த்திகை மழைக்கு அப்புறம் என்றால், டப்பாவே அங்கே இல்லாமல் இருக்கலாம்.

இடத்துக்குப் போனதும் போனை ரொம்ப நம்ப வேண்டாம். திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும், அண்ணா சாலைக் கட்டிடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரத்தடியிலும் இன்னும் மோசம். பக்கத்தில் வந்ததும் பையில் போட்டுவிட்டு, நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன் என்று யோசித்துக் கண்ணால் தேடுங்கள், கொஞ்ச நேரம் பொறுமையாக. அப்புறம் ஹின்ட். ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள், தெரியாமல் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆப்பில் ஒரு தட்டு தட்டினால் புரிகிற மாதிரி மாறிவிடும். குழந்தைகளோடு வந்திருந்தாலோ மே மாத வெயிலில் நின்றாலோ காத்திருக்கவே வேண்டாம், முதலிலேயே படியுங்கள்.

அதற்கும் கிடைக்காவிட்டால் பழைய லாக்கில் உள்ள போட்டோக்கள், அப்புறமும் முடியாவிட்டால் ஏற்கெனவே கண்டுபிடித்தவர் ஒருவருக்கு ஒரு மெசேஜ். இதுவரைக்கும் எனக்கு எல்லாமே சரிதான். புதிரை விடுவித்தால்தான் இடமே தெரியும் என்கிற புதிர் கேஷில் மட்டும் எந்தப் படியில் சிக்கினீர்களோ அதைக் கேளுங்கள்; நேரே கடைசி இடத்தையே வாங்கிக்கொண்டு போய் டப்பாவுக்குள் இருக்கும் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாலும் கணக்கில் ஏறிவிடும்தான், ஆனால் மண்டையைக் குடைகிற சுகமே போச்சே! கூட்டமாகப் போனால் முதலில் பார்த்தவர் வாயைத் திறக்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளலாம், மற்றவர்களும் தேடட்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கிடைக்காத இடத்தில் நீங்களாக ஒரு புது டப்பாவை வைத்து 'கண்டுபிடித்தேன்' என்று போடுவது. பழையது அங்கேயே இருந்தால் அடுத்து வருகிறவருக்கு இரண்டு டப்பா, பெரிய குழப்பம். கூச்சப்படாமல் டிஎன்எஃப் போடுங்கள், அதைப் பார்த்துத்தான் டப்பாவை வைத்த ஓனர் ஒரு நடை போய் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பார்.