மயக்க ஊசி தூக்கம் தராது

அறுவை சிகிச்சைக்குப் போட்ட ஊசியில் ஒரு நிமிடத்துக்குள் கண் செருகியிருக்கும். விழித்தபோது நன்றாகத் தூங்கி எழுந்தது போலவும் இருந்திருக்கும். இரவெல்லாம் புரள்பவருக்கு அந்த ஊசி மேல் ஆசை வருவது இயல்புதான். அது பெரும்பாலும் புரோபோஃபால், பால் போன்ற வெள்ளை மருந்து. மைக்கேல் ஜாக்சனுக்கு வீட்டில் தூக்கத்துக்காக ஏற்றப்பட்டது இதுவே. 2009 ஜூன் 25 அன்று அவர் இறந்தார். ஏற்றிய மருத்துவர் குற்றவாளி என 2011இல் தீர்ப்பானது.

தூங்கும்போது மூச்சு அடைபட்டால் மூளை நம்மை எழுப்பிவிடும். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், மூச்சுவிடும் உந்துதலே அடங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். நினைவு தப்பும் அளவுக்கும் மூச்சு நிற்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மது, தூக்க மாத்திரை, ஓபியாய்டு (மார்பின் போன்ற) வலிநிவாரணி ஏதாவது உடலில் இருந்தால் அந்த இடைவெளியும் சுருங்கும். ஓபியாய்டுக்கு நலாக்சோன் இருப்பது போல இதன் விளைவை முறிக்கும் மருந்து கிடையாது. மருந்தின் வேகம் இறங்கும்வரை வேறொருவர்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் ஆக்சிஜனும் மூச்சுப் பையும் உறிஞ்சு கருவியுமாகத் தலைமாட்டில் நிற்பது அதற்காகத்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள். மூச்சு நின்ற பிறகும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனால் அது சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டும். கூடுதல் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் இன்னும் தாமதமாகும். இத்தனை ஆபத்துக்கும் கிடைப்பது தூக்கமும் அல்ல: மயக்கத்தில் கனவுத் தூக்கக் கட்டம் வருவதே இல்லை.

யாராவது இப்படி மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, கைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். தலையைப் பின்சாய்த்து முகவாயை உயர்த்தி, 10 விநாடிக்கு மேல் போகாமல் மூச்சைக் கவனியுங்கள். விட்டு விட்டு வரும் திணறலும் குறட்டை போன்ற ஒலியும் மூச்சு ஆகாது. சரியான மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே இருங்கள். மருந்துக் குப்பியையும் மாத்திரை அட்டைகளையும் வருபவர்களிடம் கொடுங்கள்.

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை பேச்சும் பழக்கமும் சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பொதுவாக 6 முதல் 8 வாரம். எந்த நேரத்தில் படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவதுதான் அதில் ஆணிவேர். சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் இருந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். முதல் வாரங்களில் பகலில் அசதி கூடலாம். அப்போது வண்டி ஓட்டாதீர்கள். பலத்த குறட்டையோ இரவில் மூச்சுத் திணறலோ இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. ஏற்கெனவே பல வாரங்களாகத் தூக்க மாத்திரை எடுப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.