விஎன்சி திரையை எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் பார்ப்பது எப்படி?

அலுவலகத்தில் ஒரு உபுண்டு கணினி, வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப். அங்குள்ள திரையை இங்கே பார்த்து இயக்க, தொலைவிலிருக்கும் கணினியின் திரையைக் காட்டும் விஎன்சி என்ற முறை போதும். ஆனால் அதன் பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கு. உள்ளே நுழைந்த பிறகு திரையில் தெரிவதும் நீங்கள் தட்டுவதும் எந்த மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) இல்லாமல் இணையத்தில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அதைப் பார்த்து அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென் எழுதியதே எஸ்எஸ்எச், அதாவது இரு கணினிகளை மறையாக்கத்தோடு இணைக்கும் முறை. விஎன்சியை அதற்குள் நுழைத்து அனுப்புவோம், அதுதான் சுரங்கம்.

முதலில் உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவுங்கள். அப்புறம் திரையை அனுப்பும் டைகர்விஎன்சி சர்வரை லோக்கல்ஹோஸ்ட் ஆப்ஷனோடு தொடங்குங்கள். முதல் டிஸ்ப்ளே என்றால் அது 5901 போர்ட்டில் (கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்), அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான போர்ட் 22 மட்டும் திறந்தால் போதும். 5901-ஐத் திறக்கவே கூடாது. அலுவலக ரவுட்டர் என்றால் அட்மினிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அலுவலகத்திலிருந்து கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் தாண்டிப் போவது இதைத்தான். எஸ்எஸ்எச் சர்வருக்கென்று ஒரு சாவி உண்டு. அந்தச் சாவிக்குக் கைரேகை போல ஒரு எழுத்துச் சரம் உண்டு. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து முதல்முறை இணைக்கும்போது, விண்டோஸில் எஸ்எஸ்எச் இணைப்புக்குப் பயன்படும் புட்டி என்ற மென்பொருள் ஒரு எச்சரிக்கைப் பெட்டியில் கைரேகையைக் காட்டும். எழுதி வைத்ததோடு ஒத்துப்போனால் மட்டும் 'அக்செப்ட்' அழுத்துங்கள். பார்க்காமல் அழுத்தினால், நடுவில் வேறொருவர் உங்கள் சர்வராக நடித்தாலும் தெரியாது. அப்போது எவ்வளவு வலுவான மறையாக்கம் இருந்தும் பயனில்லை. பிறகு ஒருநாள் 'சாவி மாறிவிட்டது' என்று புட்டி சொன்னால், காரணம் தெரியும்வரை உள்ளே போகாதீர்கள்.

சரி, இப்போது புட்டி. முதல் பக்கத்தில் சர்வரின் ஐபி முகவரியும் போர்ட் 22-உம். இடதுபக்கம் கனெக்ஷன், அதற்குள் எஸ்எஸ்எச், அதற்குள் டனல்ஸ். சோர்ஸ் போர்ட்டில் 5901, டெஸ்டினேஷனில் லோக்கல்ஹோஸ்ட்:5901 என்று ஆங்கிலத்தில் தட்டி 'ஆட்' அழுத்துங்கள். அதை மறந்தால் சுரங்கமே உருவாகாது. செஷன் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு பெயரில் சேமித்து, ஓப்பன் செய்து லாகின் ஆகுங்கள். அந்த ஜன்னலை மூடாமல் விஎன்சி வியூவரைத் திறந்து, முகவரியாக லோக்கல்ஹோஸ்ட்:5901 கொடுங்கள். 'இணைப்பு மறையாக்கம் செய்யப்படவில்லை' என்று சில வியூவர்கள் சொல்லும். வெளியே சுரங்கம் இருப்பது அவற்றுக்குத் தெரியாது, தொடரலாம்.

உண்மையிலேயே சுரங்கம் வழியாகத்தான் போகிறதா? புட்டியை மூடுங்கள், திரையும் அறுந்துபோக வேண்டும். சர்வரின் ஐபியில் 5901-க்கு நேரடியாக இணைத்தும் பாருங்கள், தோற்க வேண்டும்.

22-ஐத் திறந்துவிட்டால் பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்க்கும் போட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓயாமல் வரும். அதனால் புட்டியின் துணைக் கருவியான புட்டிஜென்னில் ஈடி25519 வகையில் பொதுச் சாவி, தனிச் சாவி என ஒரு ஜோடியை, பாஸ்ஃப்ரேஸ் (தனிச் சாவியைப் பூட்டும் ரகசியச் சொற்றொடர்) வைத்து உருவாக்குங்கள். பொதுச் சாவியை உபுண்டுவில் அனுமதிக்கப்பட்ட சாவிகளைப் பட்டியலிடும் உங்கள் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் ஒட்டுங்கள். தனிச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. சாவியால் நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகே சர்வரில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்துங்கள். நிறுத்தியதும் இன்னொரு புட்டி ஜன்னலில் நுழைந்து பாருங்கள். அதுவரை பழைய ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.